ஜப்பானில் இரண்டாம் நிலை, மன்னார்குடியில் எந்த நிலை?

வாசகியின் கேள்வி:

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மாமனாருக்கு வயது 78. போன சம்பா நடவு வரை தினமும் வயலுக்குப் போய் மடை பார்த்து வந்தவர். முழங்கால் வலி உண்டு. ஆனாலும் தன் வேலையைத் தானே செய்துகொண்டார். இரண்டு மாதத்துக்கு முன் நிமோனியா வந்து பத்து நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வீடு திரும்பியதிலிருந்து நாங்கள்தான் குளிப்பாட்டுகிறோம். கொல்லைப்புறக் கழிவறைக்குப் போகவும் துணை வேண்டும். சாப்பாட்டைக் கட்டிலிலேயே கொடுக்கிறோம். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் என் கணவர் அவரை எழுந்திருக்கவே விடுவதில்லை. கொழுந்தனார் ஜப்பானில் வேலை பார்க்கிறார். அங்கே அவருடைய பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ‘இரண்டாம் நிலைப் பராமரிப்பு’ என்று அரசே சான்று கொடுத்திருக்கிறதாம். ‘அப்பா எந்த நிலை? அடுத்தது என்ன? எத்தனை வருடத்தில் படுக்கை?’ என்று போனில் கேட்கிறார். ‘குளிக்க ஆள் தேடினால் அதற்கப்புறம் இறங்குமுகம்தான்’ என்கிறது ஊர். வெளிநாடுகளில் இதெல்லாம் மெதுவாக நடக்கிறதா? ஆஸ்பத்திரிக் கட்டிலும் டயப்பரும் இப்போதே வாங்கி வைத்துவிடலாமா? எனக்கும் இடுப்பு வலி இருக்கிறது, அது போகட்டும்.

முதியோர் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டிலையும் டயப்பரையும் இப்போது வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் குளிக்கும் இடத்திலும் கழிவறையிலும் கைப்பிடி போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். கொழுந்தனாரின் கேள்விக்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

முதுமையில் உடல் முடங்குவது இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, வருடக்கணக்கில் ஓசைப்படாமல் வருவது. முழங்கால் தேய்கிறது, கண்ணில் புரை விழுகிறது, மறதி கூடுகிறது. வீட்டார் கவனிப்பதற்குள் பாதி போய்விட்டிருக்கும். மற்றது ஒரே அடியில் வருவது. பக்கவாதமோ, இடுப்பெலும்பு முறிவோ, நிமோனியாவோ வந்து, நேற்று வரை நடந்தவரைக் கைத்தாங்கலில் நிறுத்திவிடும். உங்கள் மாமனாரிடம் இரண்டும் கலந்திருந்தாலும் பெரும்பங்கு இரண்டாவதுதான். மடை பார்க்கப் போனவர் குளிக்க ஆள் தேடும்படி ஆனது சில வாரங்களில். இப்படிச் சட்டென்று இறங்கியவர்களுக்கு மீண்டு எழ இடம் அதிகம்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில் 70 வயது கடந்த 754 பேரை 1998 முதல் மாதாமாதம் தொலைபேசியில் விசாரித்து வந்தார்கள்: குளிக்க, உடுத்த, நடக்க, நாற்காலியிலிருந்து எழ இந்த மாதம் யாராவது உதவினார்களா என்று. எல்லோரும் தொடக்கத்தில் தம் காரியத்தைத் தாமே செய்துகொண்டவர்கள். முதல் முறையாக உதவி தேவைப்படும் நிலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஓராண்டுக்குள் மறுபடியும் தாமாகச் செய்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். 2004-இல் வெளியான முடிவு இது. மீண்டவர்களில் பலர் பிறகு மறுபடி இறங்கியதும் உண்மை; அதை மறைக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கேட்டிருந்தால் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் கண்ணில் பட்டிருக்காது. ஊர்க்காரர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். காய்ச்சலில் ஒரு முறை வந்து பார்க்கிறார்கள், கடைசியில் ஒரு முறை வந்து பார்க்கிறார்கள்.

‘அடுத்தது என்ன’ என்று கொழுந்தனார் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வரிசை என்று ஒன்று உண்டு. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-இல் அதை எழுதி வைத்தார். குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவது, மலஜலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு காரியங்கள். இழப்பு பெரும்பாலும் குளிப்பதில் தொடங்குகிறது. கையால் எடுத்து உண்பது கடைசி வரை நிற்கிறது. குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்வது இதன் தலைகீழ் வரிசையில். நோயிலிருந்து தேறுகிற முதியவரும் முதலில் தானே சாப்பிட்டு, கடைசியாகத்தான் தானே குளிக்கத் தொடங்குகிறார் என்பதையும் காட்ஸ் கண்டார். ஊராருக்குத் தெரியாமல் போனது இந்தப் பின்பாதிதான். குளிக்க மட்டும் ஆள் வேண்டும் என்பது இறங்கும் வழியின் தொடக்கமாக இருக்கலாம். ஏறி வரும் வழியின் கடைசிப் பகுதியாகவும் இருக்கலாம்.

இந்த வரிசையும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் சாப்பிட்டு, உயரமான கழிவறையைப் பயன்படுத்துகிற நாட்டில் பிறந்த வரிசை அது. நம் பக்கத்தில் முதலில் போவது தரையிலிருந்து எழுவது. பந்தியில் இலை முன் உட்காருவதை நிறுத்துவார்கள். கோவிலுக்குப் போனால் தூணோரம் நின்றுகொண்டே கும்பிடுவார்கள். பிறகு குந்தும் கழிவறை தகராறு செய்யும். நாற்று நட்டும் களை பறித்தும் குனிந்தே உழைத்த பெண்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வருகிறது. ஆனால் என்னிடம் அவர்கள் வந்து சேர்வது தாமதமாகத்தான். ‘வயசானால் அப்படித்தான்’ என்று தனக்குத்தானே மருந்து சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வெளிநாடுகளில் மெதுவாக நடக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். வசதியான நாடுகளில் இது சராசரியாகத் தாமதமாகத் தொடங்குகிறது. இந்தியாவில் 2017-18-இல் 45 வயது கடந்த 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய முதுமை ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களில் ஒன்றிலாவது சிரமப்படுவதாகச் சொன்னார்கள். சமையல், கடைக்குப் போவது, பணக் கணக்கு, மருந்தை நேரத்துக்கு எடுப்பது போன்றவற்றில் ஏதாவது ஒன்றில் சிரமம் என்றவர்கள் கிட்டத்தட்டப் பாதி. அமெரிக்காவில் 1992 முதலும், இங்கிலாந்தில் 2002 முதலும், சீனாவில் 2011 முதலும் இதே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்டு வருகிறார்கள். ஒப்பிடுவதற்கு வாகாகவே இவற்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் ஒப்பிடும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டும். உங்கள் மாமனாரிடம் ‘உங்களுக்குச் சமைக்க வருமா’ என்று கேட்டால் என்ன சொல்வார்? வாழ்நாளில் அடுப்பைத் தொடாதவர் ‘வராது’ என்பார். அது முடக்கமா? 1969-இல் லாட்டன், பிராடி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இந்தக் கேள்விகளைத் தொகுத்தபோதே, சமையல், துணி துவைத்தல், வீட்டு வேலை மூன்றையும் ஆண்களுக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதே போல ‘சிரமம்’ என்பதன் அளவும் நாட்டுக்கு நாடு வேறு. நெதர்லாந்துக்காரர்களிடமும் அமெரிக்கர்களிடமும் ஒரே கற்பனை நோயாளியின் கதையைச் சொல்லி, இவரால் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று கேட்டார்கள். அதே ஆளை நெதர்லாந்துக்காரர்கள் முடியாதவர் என்றும், அமெரிக்கர்கள் சமாளித்துவிடுவார் என்றும் மதிப்பிட்டார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வின்படி இரு நாட்டுக்கும் இடையே தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த மதிப்பீட்டில்தான் இருந்தது.

மெதுவாக நடந்தாலும் முடிவில் எல்லா நாட்டிலும் இது வந்துதான் சேர்கிறது. ஜப்பானிலேயே 2019 கணக்குப்படி சராசரி ஆயுளுக்கும், தடையில்லாமல் நடமாடும் ஆயுளுக்கும் இடையே ஆண்களுக்குச் சுமார் 9 ஆண்டு, பெண்களுக்குச் சுமார் 12 ஆண்டு இடைவெளி. அங்கேயும் யாரோ ஒரு மருமகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். வித்தியாசம் உடம்பில் குறைவு. உடம்பைச் சுற்றி நடப்பதில்தான் அதிகம். புரைக்கு நேரத்தில் அறுவை செய்தார்களா, ரத்தக் கொதிப்பை முப்பது வருடம் முன்பே கட்டுக்குள் கொண்டுவந்தார்களா, வீட்டில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, படுக்கையில் போட்டார்களா எழுப்பினார்களா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் நாடுகளுக்கு இடையிலான அந்த இடைவெளி. இவற்றில் முதலிரண்டுக்குக் காலம் கடந்திருக்கலாம். பின்னிரண்டும் உங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன.

படுக்கையில் போடுவதைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. நோயே இல்லாத, சராசரி 67 வயதுள்ளவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. பத்தே நாளில் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. உங்கள் மாமனாருக்கு வயது 78, கூடவே நிமோனியா, கூடவே பத்தியச் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் போனது போகட்டும். அதற்குப் பிறகு வீட்டில் இத்தனை வாரம் நீங்கள் அதைத் தொடர்ந்திருக்கிறீர்கள். உங்கள் கணவரின் பயம் பாசத்தில் வருவது, புரிகிறது. ஆனால் எழுந்திருக்கவே விடாதவரின் கால், எழுந்திருக்கும் அந்த ஒரு நாளில் நிச்சயமாகத் தடுமாறும். விழாமல் காப்பது வேறு, நடக்காமல் காப்பது வேறு.

நம் ஊரில் மரியாதையும் இதற்கு உடந்தை. பெரியவர் எழுந்து போய்த் தண்ணீர் எடுக்கலாமா, சட்டை மாட்டிக்கொள்ளச் சிரமப்படலாமா என்று எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். டென்மார்க்கில் 2015-இல் வந்த சட்டம் வேறு மாதிரி: வீட்டுக்கு உதவியாளரை அனுப்பும் முன், பயிற்சியால் அந்தக் காரியத்தை அவரே செய்யவைக்க முடியுமா என்று நகராட்சி பார்த்தாக வேண்டும், முடியுமென்றால் முதலில் பயிற்சிதான் என்றது அது. இதைப் படித்தால் நம் ஆட்களுக்குக் கல்நெஞ்சமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். உங்கள் மாமனார் பகலில் எதில் உட்காருகிறார் என்று எழுதவில்லை. டெல்டாவின் பழைய வீடுகளில் திண்ணையில் ஒரு துணிச் சாய்வு நாற்காலி இருக்கும். இல்லையென்றால் தொய்ந்துபோன கயிற்றுக் கட்டில். உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு கீழே போய்விடும். தொடையில் வலு குறைந்தவர் அதிலிருந்து தானாக எழவே முடியாது. நாம் கையைப் பிடித்து இழுப்போம், அவரும் தன்னால் முடியாது என்று முடிவு செய்துவிடுவார். இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கைப்பிடி உள்ள கெட்டியான மர நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். இருக்கையின் உயரம் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. தாழ்ந்திருந்தால் மடித்த ஜமுக்காளத்தை வைத்து உயர்த்துங்கள். பாதம் இரண்டும் தரையில் ஊன்றி, முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டி முன்னே வரும்படிக் குனிந்து, பிறகு எழ வேண்டும். முதலில் கைப்பிடியை அழுத்தி எழட்டும். காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை. ஒரு வாரம் போனால் மதியமும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, மூச்சு வாங்கல், தலைசுற்றல் வந்தால் நிறுத்த வேண்டும். தொடை லேசாக வலிப்பதற்கெல்லாம் நிறுத்த வேண்டாம்.

கையை மடித்து மார்பில் வைத்துக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்பதை இப்போதும், மாதத்துக்கு ஒரு முறையும் குறித்து வையுங்கள். ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019-இல் வகுத்த அளவுப்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் பலவீனம். அவருக்கு இப்போது எழவே வராமல் இருக்கலாம், பரவாயில்லை. எந்த நிலை என்று கொழுந்தனார் கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்; அடுத்த மாத எண்ணையும் சொல்லுங்கள். அவரே புரிந்துகொள்வார்.

அவருடன் நடக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கெட்டித் துண்டை இடுப்பில் பெல்ட் போலக் கட்டி, பலம் குறைந்த பக்கமாகச் சற்றுப் பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் கூடத்திலிருந்து முற்றம் வரை, பிறகு திண்ணை, பிறகு தெரு முனை. சிவப்பு ஆக்சைடு தரையில் ஈரக்காலோடு நடக்க விடக் கூடாது. வீட்டுக்குள் ரப்பர் அடி வைத்த, குதிகாலில் பட்டை உள்ள செருப்பு போடட்டும். கொல்லைக்குப் போகும் வழியில் ஐப்பசி மழைக்குப் பிடிக்கும் பாசியைத் தேய்த்துவிட்டு, இரவில் எரியும்படி ஒரு விளக்குப் போடுங்கள். படி இருந்தால் அதன் ஓரமாக இரும்புக் குழாயில் ஒரு பிடி.

குளிப்பதற்கு, நான்கு காலும் அகன்று நிற்கிற, வழுக்காத ஒரு நாற்காலி போதும். வாளியைத் தரையில் வைத்தால் அவர் குனிய வேண்டும். ஒரு முக்காலி மேல் ஏற்றி வையுங்கள். முதல் வாரம் முகம், மார்பு, கை அவர் பொறுப்பு. முதுகும் காலும் உங்கள் பொறுப்பு. அடுத்த வாரம் தொடை வரை அவர். நேரம் ஆகும். ஈரத்தோடு அரை மணி நேரம் உட்கார வைக்காமல் இருந்தால் சரி. குந்தும் கழிவறை மேல் வைக்கும் கமோடு நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. இரவுக்கு மட்டும் கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலியோ, சிறுநீர்க் குடுவையோ இருக்கட்டும். டயப்பர் மாட்டிவிட்டால் எழுந்து போக வேண்டும் என்ற எண்ணமே போய்விடும். அடக்கும் பழக்கமும் பின்னாலேயே போகும்.

சாப்பாடு கட்டிலில் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையால். கஞ்சியும் ரசம் சாதமும் காய்ச்சலுக்குச் சரி. தசை வளர அவை போதாது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் புரதமாவது வேண்டும். நோயிலிருந்து தேறுபவருக்கு இன்னும் கூட. 60 கிலோ எடை என்றால் 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால் முட்டை, மீன், பால், தயிர், பருப்பு, சுண்டல் என்று மூன்று வேளைக்கும் பிரித்துத்தான் எட்ட முடியும். சைவ வீடென்றால் பருப்பின் அளவை இரட்டிப்பாக்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது மருந்துப் பை முழுவதையும் எடுத்துப் போங்கள். படுத்திருக்கையில் ஒரு முறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால், தடுமாற்றத்துக்குக் காரணம் கொதிப்பு மாத்திரையாகக்கூட இருக்கலாம். தூக்க மாத்திரை ஏதாவது ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். கண் புரை, காது, ரத்த சோகை, வைட்டமின் பி12 பார்க்க வேண்டும். திடீரென்று பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, இரவில் ஆள் தெரியாமல் உளறினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அதை முதுமைக் கணக்கில் எழுதாதீர்கள். நடைப்பயிற்சிக்கு ஆள் வைக்க வசதி இல்லையென்றால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரை மட்டுமல்ல, வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. முதியோர் உதவி எண் 14567-லும் விசாரிக்கலாம்.

கொழுந்தனாருக்கு இதைச் சொல்லுங்கள். ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் ‘ஆதரவு’ என்று இரண்டு நிலை, ‘பராமரிப்பு’ என்று ஐந்து நிலை. அவருக்கு 40 வயது ஆகியிருந்தால் அதற்கான சந்தாவை அவரும் கட்டிக்கொண்டிருப்பார். அந்த நிலை, ஒருவருக்கு எவ்வளவு நேரப் பராமரிப்பு தேவை என்பதைக் கொண்டு கணக்கிடுவது. எத்தனை வருடம் இருப்பார் என்று சொல்லும் ஜாதகம் அல்ல. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மறுபடி மதிப்பிடுகிறார்கள். தேறியவர்கள் பராமரிப்பு குறைவாகத் தேவைப்படும் நிலைக்கு மாற்றப்படுவதும் உண்டு. அதே காப்பீடு வீட்டைத் திருத்த 2 லட்சம் யென் வரையிலான செலவில் பெரும்பகுதியைக் கொடுக்கிறது: கைப்பிடி பொருத்த, வாசற்படியை எடுத்துவிட, குந்தும் கழிவறையை உயரமானதாக மாற்ற. அப்பாவுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், அந்த மூன்றையும் மன்னார்குடிக் கொத்தனாரையும் பிளம்பரையும் வைத்துச் செய்யப் பணம் அனுப்பட்டும். 

கடைசியாக உங்கள் இடுப்பு வலி. ‘அது போகட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள், போகக் கூடாது. முதியவரைத் தூக்கித் தூக்கி நாற்பது வயதில் முதுகெலும்பு வட்டு விலகியவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய. இந்த வாரமே காட்டுங்கள். அது வரை அவரைக் குளிக்கக் கூட்டிப்போவதும், இரவில் கழிவறைக்குத் துணை போவதும் உங்கள் கணவரின் வேலையாக இருக்கட்டும். விழுந்துவிடுவாரோ என்று பயப்படுகிறவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்வதுதானே முறை. ஆறு வாரம் கழித்து, ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள்.